ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் இல்லாத ஜாங்கோ-அட்மின்: கிளிநொச்சிக் கணினி வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2023 ஆடி மாதத்தில், கிளிநொச்சி நகரிலிருந்து ஏ9 வீதியை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தின் சனசமூக நிலையத்தில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

வாசிகசாலையை ஒட்டிக் கட்டிய அறையில் 12 மேசைக் கணினிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் வின்டோஸ் 10. வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் இரண்டு தடவையாக வாங்கிக் கொடுத்தவை என்பதால் அமைப்பில் வேறுபாடு உண்டு. முதலில் வந்தவற்றில் மாணவர்கள் எல்லோரும் நிர்வாகி உரிமையுள்ள ஒரே கணக்கில்தான் நுழைவார்கள். பிறகு வந்தவற்றை அமைத்துக் கொடுத்தவர் கவனமானவர். பைதன் என்ற நிரல் மொழியைத் தானே எல்லாருக்கும் பொதுவாக நிறுவிவிட்டு, மாணவர்களுக்குச் சாதாரணக் கணக்குகள் மட்டும் வைத்திருந்தார். இந்த வேறுபாடு பின்னால் பெரிய விசயமாக வருகிறது.

வகுப்புக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை காத்திருந்த பிள்ளைகள். ஐசிடி பாடத்தில் பைதன் படித்திருந்தார்கள், ஆனால் இணையத்தளம் கட்டும் சட்டகம் எதையும் தொட்டதில்லை. வாசிகசாலையின் இரவல் பதிவேட்டைக் கணினிக்குக் கொண்டுவருவது என்று வகுப்புக்கு ஓர் இலக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பதிவேடு பெரிய நீலக் கொப்பி. மழைக்காலத்தில் ஓரம் நனைந்து, பழைய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

ஜாங்கோவைத் தெரிவு செய்தவர் வகுப்பெடுத்த ஆசிரியர். நல்ல தெரிவு. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உருவாகி 2005இல் வெளியான சட்டகம் அது. செய்தி உள்ளிடுபவர்களுக்கு நிரல் எழுதத் தெரியத் தேவையில்லை என்பதால் தரவு உள்ளிடும் நிர்வாகப் பக்கம் அதனோடு கூடவே வருகிறது. நூலகப் பதிவேட்டுக்கும் அதுதான் வேண்டும்.

இணையம் என்று இருந்தது யன்னலோரம் வைத்த 4ஜி றூட்டர் ஒன்று. காலையில் ஓரளவு ஓடும். வெயில் ஏறிய பிறகு ஒரு பக்கம் திறக்கவே பொறுமை வேண்டும். மின்சாரமும் இடைக்கிடை போகும். யூபிஎஸ் ஆசிரியரின் கணினிக்கு மட்டும்தான்.

நான் கிளிநொச்சி நகரில் மென்பொருள் வேலை செய்கிறேன். அந்த நிலையத்துக்கு அவசியம் ஏற்படும்போது போய் உதவுவது வழக்கம்.

முதலில் தெரிந்தது

சனிக்கிழமை காலை ஆசிரியர் புரொஜெக்டரில், புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கும் முதற்கட்டளையைக் காட்டினார். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். அவர் காட்டியது: "ஜாங்கோ-அட்மின்.பை ஸ்டார்ட்புரொஜெக்ட் நூலகம்". ஒரு கணினியிலும் அது ஓடவில்லை. அப்படி ஒரு கட்டளையோ நிரலோ இல்லை என்று வின்டோஸ் சொன்னது.

ஜாங்கோ நிறுவப்பட்டிருந்தது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. முந்தைய வாரமே ஒவ்வொருவரும் நிறுவி முடித்திருந்தார்கள், பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. எனவே கட்டளைக் கோப்புகள் இருக்கும் பைதனின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஜாங்கோ-அட்மின்.பை என்ற கோப்பு எங்கும் இல்லை. அதற்கு மேல், கோப்புறைகளும் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் அதே பெயரில் .எக்ஸி கோப்பு, அதாவது வின்டோஸ் நேரடியாக ஓட்டும் நிரல், இருந்தது. சிலவற்றில், பைதனுக்கான நிரல் தொகுப்புகளை (பொதிகளை) நிறுவும் கருவியான பிப் மட்டும் இருந்தது.

மாணவி ஒருத்தி சொன்னது என் குறிப்பில் அப்படியே இருக்கிறது: "சேர், போன கிழமை எனக்கு வேலை செய்தது. இப்ப அதே கொம்பியூட்டர்ல தம்பிக்கு ஜாங்கோவே இல்லை எண்டு சொல்லுது." இது ஒரு பிள்ளையின் குழப்பம் என்று அன்று யாரும் பெரிதாக எடுக்கவில்லை. முழுச் சிக்கலிலும் மிகப் பயனுள்ள தடயம் அதுதான்.

நான் போவதற்கு முன் செய்யப்பட்டவை

யாருக்கும் முதலில் தோன்றுவதுதான் அவர்களுக்கும் தோன்றியது: அகற்றிவிட்டுத் திரும்ப நிறுவிப் பார்ப்பது. ஜாங்கோவை அகற்றித் திரும்ப நிறுவினார்கள். சரிவராத இடங்களில் பைதனையே அகற்றி, 25 எம்.பி. அளவான நிறுவியைத் திரும்பத் தரவிறக்கினார்கள். பத்து மணிக்கு மேல் சிக்னல் விழுந்தது, தரவிறக்கம் பாதியில் நேரங்கடந்து நின்றது. நடுவே ஒருமுறை மின்சாரமும் போனது.

அப்போது நிலையப் பொறுப்பாளர் ஒரு வழி கண்டார். ஓடிய கணினி ஒன்றிலிருந்து ஜாங்கோ கோப்புறையையும் அதனோடு தேவைப்பட்ட இரண்டு பொதிகளையும் பென்ட்ரைவில் எடுத்து மற்றக் கணினிகளில் ஒட்டினார். இணையம் சரியில்லாத இடத்தில் எதையும் கையால் கொண்டுபோவதுதானே பழக்கம். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மாலையில் எந்தக் கணினியில் யார் எதைச் செய்தார்கள் என்பதை யாராலும் சொல்லமுடியவில்லை. காலையில் ஒரு வகையாக இருந்த சிக்கல், மாலைக்குள் பல வகையாகிவிட்டது.

மாணவன் ஒருவன் 2019இல் எடுத்த ஒரு பழைய சேமிப்பிலிருந்து ஜாங்கோ-அட்மின்.பை கோப்பைக் கண்டெடுத்து வைத்திருந்தான். அதை எல்லாக் கணினியிலும் போட்டுவிடலாமா என்று ஆசிரியர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார். நான் வந்து பார்க்கும்வரை ஒன்றையும் தொடவேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

ஒவ்வொரு கணினியாகப் பார்த்தது

அடுத்த நாள் போனதும் முதல் வேலையாக ஒரு தாளில் கட்டம் போட்டோம். கணினி இலக்கம், நுழைந்திருக்கும் கணக்கு, அதற்குப் பக்கத்தில் நான்கு கேள்விகள். கட்டளை கொடுத்தால் பதில் சொல்வது எந்தப் பைதன்? அது ஜாங்கோவை எந்தக் கோப்புறையிலிருந்து எடுக்கிறது? ஜாங்கோ இருப்பது பிப்புக்குத் தெரியுமா? தெரிந்தால், கட்டளைக் கோப்பை எங்கே வைத்ததாகப் பிப் சொல்கிறது?

இவற்றுக்கு விடை காண இணையம் தேவையில்லை, வின்டோஸில் பைதனை அழைக்கும் "பை" என்ற கட்டளை போதும். "பை -0பி" என்றால் கணினியில் உள்ள பைதன்கள் எல்லாம் இருப்பிடத்தோடு வரும். "பை -எம் ஜாங்கோ --வேர்ஷன்" என்றால் ஜாங்கோ உண்மையில் இருக்கிறதா என்று தெரியும், ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையே அதற்குத் தேவையில்லை. "பை -எம் பிப் ஷோ -எஃப் ஜாங்கோ" என்றால் பிப் வைத்த ஒவ்வொரு கோப்பின் பெயரும் பட்டியலாக வரும். கட்டளைக் கோப்பும் அந்தப் பட்டியலில் இருக்கும். பட்டியலில் பெயர் இருந்து கோப்புறையில் கோப்பு இல்லையென்றால், வைத்த பிறகு யாரோ, எதுவோ எடுத்துவிட்டது என்று பொருள். பட்டியலே வரவில்லையென்றால், பிப் வழியாக அது வரவில்லை என்று பொருள்.

மாணவர்களே ஓடி ஓடி விடைகளை நிரப்பினார்கள். தாள் நிறைந்தபோது, ஒரே பிழைச்செய்திக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருப்பது வெளியாகிவிட்டது.

எல்லாக் கணினிக்கும் பொதுவான காரணம் ஒன்று. தேடிய கோப்பே இப்போது ஜாங்கோவோடு வருவதில்லை. ஆசிரியரின் குறிப்புகள் அவர் 2018இல் படித்த காலத்து ஜாங்கோ 2.0ஐ வைத்து எழுதியவை. நிறுவியது 4.2. ஜாங்கோ-அட்மின்.பை கோப்பை 2020இல் வந்த 3.1 பதிப்பிலேயே கைவிடப்போவதாக அறிவித்து, 2021 டிசம்பரில் வந்த 4.0இல் எடுத்துவிட்டார்கள். வின்டோஸில் அதன் இடத்தில் இருப்பது .பை என்ற ஒட்டு இல்லாத ஜாங்கோ-அட்மின், அதாவது .எக்ஸி கோப்பு. முதலில் வந்த கணினிகளில் மூன்றில் அந்த ஒட்டை விட்டுத் தட்டச்சுச் செய்ததும் கட்டளை ஓடியது. அவற்றில் உண்மையில் எந்தப் பழுதும் இருக்கவில்லை.

பிறகு வந்த கணினிகளின் கதை வேறு. அங்கே பைதன் இருப்பது நிர்வாகி மட்டும் எழுதக்கூடிய புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில். சாதாரணக் கணக்கில் இருந்து பிப்பை ஓட்டினால், பொது இடத்தில் எழுத உரிமை இல்லை என்பதைக் கண்டு, தானாகவே அந்தப் பயனருக்குரிய தனி இடத்தில் நிறுவிவிடும். அந்த இடம் வின்டோஸ் மறைத்து வைக்கும் ஆப்டேட்டா என்ற கோப்புறைக்குள் இருக்கிறது. கட்டளைக் கோப்பு அங்கே பத்திரமாக இருந்தது. கட்டளைகளைத் தேடும் பாதையில் அந்த இடம் சேர்க்கப்படவில்லை, அவ்வளவுதான். நிறுவும்போதே பிப் இதை மஞ்சள் எழுத்தில் எச்சரித்திருக்கும். ஆங்கிலத்தில் நீளமாக வரும் மஞ்சள் வரியை, கடைசியில் வெற்றி என்று வந்தபின் யார் வாசிக்கிறார்கள்?

அந்த மாணவியின் தடயமும் இங்கே அவிழ்ந்தது. முந்தைய வாரம் அவள் தன் கணக்கில் நிறுவியது அவளுக்கு மட்டும் உரியது. இந்த வாரம் அதே கணினியில் வேறு கணக்கில் இருந்த மாணவனுக்கு அது கண்ணிலேயே படாது. இருவர் சொன்னதும் உண்மைதான்.

பொறுப்பாளர் பென்ட்ரைவில் ஒட்டிய கணினிகளில் ஜாங்கோ ஓடியது, ஆனால் பிப் அதை அறியவில்லை. பொதி மட்டும் போனது. பிப் நிறுவும் நேரத்தில் அந்தந்தக் கணினிக்கென்று உருவாக்கும் கட்டளைக் கோப்பு போகவில்லை, போகவும் முடியாது.

மின்சாரம் போன நேரத்தில் திரும்ப நிறுவிக்கொண்டிருந்த கணினியில் ஒரு விசித்திரம் இருந்தது. பொதிகள் இருக்கும் கோப்புறையில், ஜாங்கோவின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் அலைபோன்ற குறியோடு ஒரு கோப்புறை. பிப் பழையதை அகற்றும்போது உடனே அழிக்காது. ஏதாவது பிழைத்தால் திருப்பி வைக்கலாம் என்று பெயரை இப்படி மாற்றி ஒதுக்கும், கட்டளைக் கோப்பைத் தற்காலிக இடத்துக்கு நகர்த்தும். எல்லாம் முடிந்தபின்தான் அழிப்பு. இடையில் மின்சாரம் போனதால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலையில் அது நின்றுவிட்டது. அந்த அலைக்குறிக் கோப்புறையை ஒவ்வொரு மாணவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்தமுறை எங்காவது கண்டால் என்ன நடந்தது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு கணினி எந்த வகையிலும் அடங்கவில்லை. பிப் பட்டியலில் கட்டளைக் கோப்பின் பெயர் இருக்கிறது, பொது இடம், சரியான பாதை, ஆனால் கோப்பு இல்லை. அதைத் தனியாக வைத்தோம்.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

மாணவன் கண்டெடுத்த பழைய கோப்பைத் திறந்து புரொஜெக்டரில் காட்டினோம். சில வரிகள்தான். ஜாங்கோவின் நிர்வாகப் பகுதியை அழைத்து, தட்டச்சுச் செய்த கட்டளையை அதனிடம் கொடு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அறையில் இருந்த பதற்றம் அந்த இடத்தில் குறைந்ததைப் பார்த்தேன். ஏதோ பெரிய உறுப்பு இல்லாமற்போய்விட்டது என்று நினைத்திருந்தவர்கள், அது வாசற்கதவு மட்டும்தான், வீடு உள்ளே முழுதாக இருக்கிறது என்று கண்டார்கள். அந்தக் கோப்பைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்தோம். அதன் முதல் வரி வேறொரு கணினியின் பைதன் இருப்பிடத்தைச் சுட்டியது. அதோடு, அதைப் போட்டு ஓடவைத்தால் உள்ளே இருக்கும் வேறுபாடுகள் மறைந்துபோய், வேறொரு நாள் வேறொரு வடிவில் கிளம்பும்.

அடுத்தது, வகுப்பில் யாரும் ஜாங்கோ-அட்மினைத் தேடத் தேவையில்லை என்ற முடிவு. "பை -எம் ஜாங்கோ ஸ்டார்ட்புரொஜெக்ட்" என்று கொடுத்தால் அதே வேலை நடக்கும். ஒரு முறை திட்டத்தை உருவாக்கிவிட்டால் அதற்குள்ளேயே மனேஜ்.பை வந்துவிடும், பிறகு எல்லாம் அதன் வழியாகத்தான். ஆக, இரண்டு நாளாகத் தேடிய கோப்பு ஒரு திட்டத்துக்கு ஒரே ஒரு தடவைதான் தேவைப்படுகிறது.

ஆனால் அதோடு விட்டுவிட முடியாது. கணக்குக்குக் கணக்கு வேறு வேறு ஜாங்கோ இருக்கும் நிலை அப்படியே இருந்தால், இருவர் சேர்ந்து ஒரு திட்டத்தில் வேலை செய்யமுடியாது. எனவே ஒவ்வொரு கணினியிலும் டி டிரைவில் ஒரு மெய்நிகர்ச் சூழல், அதாவது தனக்கென்று பைதனும் பொதிகளும் கொண்ட தனிக் கோப்புறை, உருவாக்குவது என்று தீர்மானித்தோம். அந்தக் கோப்புறையில் எழுத மாணவருக்கு உரிமை இருக்கிறது, ஆகையால் பிப் ஆப்டேட்டாவுக்குள் போய் ஒளியாது. சூழலை இயக்கியதும் அதன் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறை தானாகப் பாதையில் சேரும். நிர்வாகியின் கடவுச்சொல்லை மாணவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. நான் மறுத்தேன். பலர் பாவிக்கும் கணினியில் அந்தக் கட்டுப்பாட்டை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பின் வசதிக்காக அதைத் தளர்த்துவது சரியில்லை.

சூழலை இயக்கும்போது இன்னொரு சிறு தடங்கல். வின்டோஸின் புதிய கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில், ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று சிவப்பில் வந்தது. வின்டோஸின் இயல்பான கொள்கை அது. அதை மாற்றாமல், எல்லோரும் பழைய கட்டளைச் சாளரத்தையே திறப்பது என்று வைத்துக்கொண்டோம். அங்கே அந்தத் தடை இல்லை.

வீல் பெட்டி

இனி இணையத்தை நம்பி நிறுவுவதில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் பயன் தந்த முடிவு. பைதன் பொதிகள் வீல் என்ற ஒற்றைக் கோப்பு வடிவில் கிடைக்கின்றன. ஜாங்கோவின் வீல் ஏறத்தாழ 8 எம்.பி. அதற்குத் தேவையான மற்றவை மிகச் சிறியவை. பைதன் நிறுவியையும் சேர்த்தாலும் 40 எம்.பி.க்குள் அடங்கும். நல்ல இணைப்பு உள்ள இடத்தில் ஒரே தடவை இறக்கிப் பென்ட்ரைவில் போட்டால், 12 கணினிக்கும் அது போதும்.

நகரில் இணைப்பு வசதி உள்ள மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியில் "பிப் டவுன்லோட்" கட்டளையால் அவற்றை இறக்கி வந்தாள். அவளுடையதில் இருந்தது வின்டோஸ் இல்லை, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுந்து. நிலையத்தில் நிறுவப்போனபோது, டிஇசட்-டேட்டா என்ற பொதி கிடைக்கவில்லை என்று சொல்லிப் பிப் நின்றுவிட்டது.

இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த வழியில் போகும் பலர் இங்கேதான் தடுக்குவார்கள். உலகின் நேர வலயங்களின் தரவு லினக்ஸில் இயங்குதளத்தோடே இருக்கிறது. வின்டோஸில் பைதன் பாவிக்கக்கூடிய வடிவில் இல்லை. ஆகவே ஜாங்கோ 4.0இலிருந்து, வின்டோஸ் என்றால் மட்டும் டிஇசட்-டேட்டாவும் வேண்டும் என்று அதன் தேவைப் பட்டியலில் ஒரு நிபந்தனை உண்டு. லினக்ஸில் இறக்கினால் அந்த நிபந்தனை பொருந்தாது, பிப் அதை விட்டுவிடும். வின்டோஸுக்கான பொதிகளைத் தா என்று இயங்குதளத்தைக் குறிப்பிட்டு இறக்கினாலும் போதாது, நிபந்தனையைப் பிப் சரிபார்ப்பது தான் ஓடிக்கொண்டிருக்கும் கணினியை வைத்துத்தான். டிஇசட்-டேட்டாவைப் பெயர் சொல்லித் தனியாகக் கேட்டு இறக்கவேண்டும்.

தேவைகளைச் சரிபார்க்காமல் நிறுவச் சொல்லும் வழியும் பிப்பில் இருக்கிறது. ஆசிரியர் அதைக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். பென்ட்ரைவில் ஒட்டிய கணினி ஒன்றில் அதன் விளைவை நேரே காட்டினேன். அங்கேயும் டிஇசட்-டேட்டா போயிருக்கவில்லை. திட்டம் உருவானது, சேர்வரும் ஓடியது. நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று வைத்து, இரவல் கொடுத்த நேரத்தைப் பட்டியலில் காட்டச் சொன்னதும், அப்படி ஒரு வலயம் இல்லை என்று விழுந்தது. நிறுவிய அன்றே தெரிந்திருக்கவேண்டிய குறை, புத்தகம் இரவல் கொடுக்கும் நாளில் வந்து நின்றிருக்கும்.

மாணவி அன்று மாலையே போய் விடுபட்டதை இறக்கி அனுப்பினாள். பெட்டியில் பைதன் நிறுவி, வீல்கள், ஒவ்வொன்றின் பதிப்பையும் குறித்த தேவைக்கோப்பு, தமிழில் ஒரு பக்கச் செய்முறை ஆகியவற்றை வைத்தோம். பிறகு றூட்டரை அணைத்துவிட்டு, இணையத்தைத் தேடாதே, இந்தக் கோப்புறையிலிருந்தே எடு என்ற கட்டளையோடு ஒரு கணினியில் நிறுவினோம். றூட்டர் அணைந்த நிலையில் முடிந்தால்தான் பெட்டி முழுமை என்று அர்த்தம். வேறு எந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது.

வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்த கணினி

தனியாக வைத்த அந்த ஒரு கணினியிலும் பெட்டியிலிருந்து நிறுவினோம். இந்தத் தடவை ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையைப் பக்கத்துச் சாளரத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தோம். நிறுவல் முடியும் நேரத்தில் ஜாங்கோ-அட்மின் வந்தது. சில விநாடிகளில், யாரும் எதையும் தொடாமலே, பட்டியலிலிருந்து போய்விட்டது. திரையின் மூலையில் சிறு அறிவிப்பு ஒன்று வந்து மறைந்தது.

அதில் இருந்தது யாரோ முன்னர் போட்ட ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள். அதன் தடுப்புக்காவல் பட்டியலைத் திறந்தால், முந்தைய நிறுவல்களின் ஜாங்கோ-அட்மின்களும் அங்கே வரிசையாக இருந்தன. இதற்குக் காரணம் உண்டு. பிப் அந்த .எக்ஸி கோப்பை வெளியிலிருந்து கொண்டுவருவதில்லை. 100 கே.பி.யை ஒட்டிய பொது ஏவி ஒன்றோடு, எந்தப் பைதனை அழைக்கவேண்டும் என்ற விவரத்தை ஒட்டி, அந்த இடத்திலேயே உருவாக்குகிறது. கையொப்பம் இல்லாத, சற்றுமுன் பிறந்த, இன்னொரு நிரலை ஏவும் சிறு நிரல் என்றால் தடுப்பு மென்பொருள் ஐயப்படுவதில் வியப்பில்லை.

தடுப்பு மென்பொருளை நிறுத்திவிடுவோம் என்று அறையில் பல குரல்கள். அது வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஊரில் கைமாறும் பென்ட்ரைவுகள் எல்லாம் அந்தக் கணினிகளில்தான் செருகப்படுகின்றன. புகைப்படம் அச்சிட வருபவர்கள், விண்ணப்பப்படிவம் நிரப்ப வருபவர்கள், எல்லோரும். ஒரு தடவை மட்டும் தேவைப்படும் கோப்புக்காக அந்தக் காவலை எடுப்பது நட்டக் கணக்கு. அந்தக் கணினியில் ஜாங்கோ-அட்மின் இல்லாமலே விட்டோம். "பை -எம் ஜாங்கோ" என்று இருந்த இடத்தில், சூழலுக்குள் "பைதன் -எம் ஜாங்கோ" என்று கொடுத்து வேலை நடந்தது. கணினியின் மேல் அதைக் குறித்து ஒரு தாள் ஒட்டினோம்.

பின்னர் நடந்தது

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முதற்கட்டளையைத் தாண்டியது. சிறுபோக அறுவடை நேரம் என்பதால் இருவர் சில வாரம் வரவில்லை. அவர்களுக்கு மற்ற மாணவர்களே பெட்டியிலிருந்து நிறுவிக் கொடுத்தார்கள், யாரையும் கூப்பிடவில்லை. ஆவணி முடிவில் பதிவேடு ஓடத் தொடங்கியது. நீலக் கொப்பியில் வாசிக்க முடிந்த பெயர்களை எல்லாம் நிர்வாகப் பக்கத்தில் ஏற்றினார்கள்.

ஒரு மாணவன், வகுப்பில் ஓடிய சூழலை முழுக் கோப்புறையாக வீட்டு மடிக்கணினிக்குக் கொண்டுபோனான். அங்கே ஜாங்கோ-அட்மினும் பிப்பும், ஏவியில் பிழை, செயலை உருவாக்க முடியவில்லை என்று நின்றன. முந்தைய சிக்கலில் கோப்பு இல்லை. இதில் கோப்பு இருக்கிறது, ஆனால் நிலையக் கணினியின் பைதன் முகவரி அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது. ஏவி எப்படி உருவாகிறது என்று அன்று பார்த்திருந்ததால், காரணத்தை அவனே சொல்லிவிட்டான். திட்டக் கோப்புறையையும் தேவைக்கோப்பையும் மட்டும் எடுத்துப் போய், சூழலை வீட்டிலேயே புதிதாக உருவாக்கினான்.

பொறுப்பாளர் இப்போதும் பென்ட்ரைவில்தான் கொண்டுபோகிறார். நிறுவியதை வெட்டி ஒட்டாமல், நிறுவுவதற்கானதைக் கொண்டுபோகிறார்.

மாற்றப்பட்டவையும் மாற்றவேண்டியவையும்

ஆசிரியர் தன் குறிப்புகளைத் திருத்தினார். கட்டளைகள் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் இது எந்த ஜாங்கோவுக்கும் எந்தப் பைதனுக்கும் எழுதியது என்ற வரி சேர்ந்தது. அவருடைய பழைய குறிப்புகள் மிக நல்லவை, எழுதிய காலத்தில் ஒவ்வொரு வரியும் சரி. பதிப்பு இலக்கம் மட்டும் இருந்திருந்தால் முதல் நாள் காலையிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

சிக்கல் வந்தால், எதையும் அகற்றுவதற்கு முன் அந்த நான்கு கேள்விக் கட்டத்தை நிரப்பவேண்டும் என்பது நிலையத்தின் நடைமுறையாகிவிட்டது. இதை நான் வற்புறுத்தினேன். திரும்ப நிறுவுவது சில நேரம் சரிசெய்யும், ஆனால் என்ன பிழைத்தது என்பதற்கான சான்றுகளையும் அது அழித்துவிடும். இணைப்பு மோசமான இடத்தில் அரைகுறை நிறுவல் என்ற புதுச் சிக்கலையும் கொண்டுவரும். நகரத்தில் ஒரு நிமிட வேலை என்பதால் யாரும் யோசிப்பதில்லை. இங்கே யோசிக்கவேண்டும்.

செய்யாமல் விட்டதும் இருக்கிறது. 12 கணினிகளையும் ஒரே அமைப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று பேசினோம், வகுப்பு நடந்துகொண்டிருந்ததால் கைவைக்கவில்லை. நிறுவும் நேரத்தில் மின்சாரம் போகாமல் இருக்க இன்னொரு யூபிஎஸ் வேண்டும், அதற்கும் இன்னும் வழி பிறக்கவில்லை. அதுவரை, நிறுவும் வேலையை ஆசிரியரின் யூபிஎஸ்ஸை ஒவ்வொரு கணினிக்காக மாற்றிச் செருகிச் செய்கிறார்கள்.

வீல் பெட்டியைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கவும் வேண்டும். ஜாங்கோ 4.2 நீண்டகால ஆதரவுப் பதிப்புத்தான், ஆனால் அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஏப்ரல் வரைக்கும்தான். அடுத்த நீண்டகாலப் பதிப்பான 5.2, 2025 ஏப்ரலில் வந்தது. அது பைதன் 3.10இலிருந்து ஓடும். நிலையத்துக் கணினிகளில் இருப்பது 3.11, எனவே பைதனைத் தொடாமல் வீல்களை மட்டும் மாற்றினால் போதும். அந்தப் பொறுப்பை உபுந்து மடிக்கணினி வைத்திருந்த மாணவியும் இன்னொருத்தியும் எடுத்திருக்கிறார்கள். செய்முறைத் தாளில் டிஇசட்-டேட்டாவைத் தனியாக இறக்கு என்ற வரிக்குக் கீழே அவள் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறாள்.